ஒரு சொட்டும் சிந்தாமல்

கையேட்டில் ஒன்பது விதிகள் இருந்தன.
வாசல்படியை மிதிக்காதே,
அடுப்புப் பக்கம் கால் நீட்டாதே,
கொடுப்பதை வலக்கையால் வாங்கு.
கோபன்ஹேகனில் ஓர் இரவு முழுக்க உருப்போட்டோம்.
அர்ஹாங்காய் வந்த முதல் நாளே
ஆஸ்கியர் படியை மிதித்து
நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான்.
சரன்தொயா சிரித்தாள், வாயைப் பொத்தாமல்.

அவளுக்கும் எங்கள் வயதுதான்.
எங்களுக்காக ஓர் ஆட்டைப் பிடித்து வந்தாள்.
மல்லாக்கக் கிடத்தி
மார்புக்குக் கீழே விரலளவு கீறி
முழங்கைவரை உள்ளே விட்டாள்,
பைக்குள் சாவி தேடுகிறவள் போல.
எதையோ கிள்ளினாள்.
ஆடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது;
பிறகு பார்க்கவில்லை.

புல்லில் ஒரு சொட்டு இல்லை.
மண்மேல் ரத்தம் சிந்தக் கூடாதாம்.
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்
மொழிபெயர்ப்பாளர்.

இரண்டு வருடமாக நாங்கள்
வைக்கோல் மனிதர்களைக் குத்துகிறோம்.
கத்தியால் குத்தும்போது கத்த வேண்டும்.
சத்தம் குறைந்தால்
மறுபடி முதலிலிருந்து.
அதில் முதல் மதிப்பெண் ஆஸ்கியருக்கு.
அவன்தான் இப்போது
குதிரை கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
வாந்தி எடுக்கிறான்.

நான் எடுக்கவில்லை.
அவள் நீட்டிய கைகளில்
கெண்டித் தண்ணீரை ஊற்றினேன்.
இடக்கையால் ஊற்றுகிறேன் என்பது
பாதியில்தான் உறைத்தது.
மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

ராத்திரி கொழுப்பு மிதக்கும் சூப்.
ஆஸ்கியர் மூன்று கிண்ணம் குடித்தான்.
நான்காவதை ஊற்றிக்கொண்டே
சரன்தொயா கேட்டாள்:
உங்கள் ஊரில் எப்படிக் கொல்வீர்கள்?

ஆட்டைத்தான் கேட்டாள்.
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.