பன்னிரண்டாவது செடி

ஜூலையில் மூன்று நாள் விடாத மழை.
மரித்சா ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி
காலை பத்து மணிவரை தோட்டத்திலேயே படுத்துக்கிடந்தது,
விருந்துக்கு வந்து போக மனமில்லாதவன் மாதிரி.

என்னிடம் பத்தொன்பது செடி. எல்லாம் ரோஜா நிறக் காய்.
கீழிலைகளை மே மாதமே கிள்ளிவிட்டேன்.
மண் தெறித்து ஏறாதபடி வைக்கோல் பரப்பினேன்.
தண்ணீர் விடியலில், வேருக்கு மட்டும்.
செடிக்கும் செடிக்கும் நடுவே
நான் பக்கவாட்டில் நடக்கும் அளவு காற்று.
கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி ராக்கியாவில் முக்கினேன்.
மிச்சத்தை நான் குடித்தேன்.

மழைக்கு முந்தின நாள்
ஒரு வாளியில் மயில்துத்தம், இன்னொன்றில் சுண்ணாம்பு.
வானம் திரிந்து தயிரானால்
அந்த நிறமாகத்தான் இருக்கும்.
ஆணி ஒன்றை அதில் விட்டு எடுத்தேன்:
செம்பு பூசிக்கொண்டு வந்தது.
இலை பொசுங்கும். இன்னும் ஒரு பிடி சுண்ணாம்பு.
மறுபடி விட்டேன்.
இரும்பு இரும்பாகவே திரும்பியது.
அப்புறம்தான் தெளித்தேன், இலையின் அடியிலும்.

இது கவசம். மருந்து இல்லை.
உள்ளே நுழைந்துவிட்டதை
எந்த நீலமும் வெளியே அழைத்து வராது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெலிச்கோவின் மஞ்சள் தக்காளி.
நட்டான், ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான்,
ஸ்டுட்கார்ட்டில் கிடங்கு வேலை என்று பஸ் ஏறிவிட்டான்.
கொம்பு ஊன்றவில்லை.
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து
குடித்தவர்கள் வீடு திரும்புவதுபோல் நின்றன.
நான்காம் நாள் பார்க்கிறேன்,
இலைகளில் காப்பி சிந்தின கறை.
கம்பி வழியே கைவிட்டு ஒன்றைத் திருப்பினேன்.
அடியில் வெள்ளையாய்ப் பூஞ்சை,
சவரம் செய்யாத கன்னம் போல.

வேலி எனக்கும் அவனுக்கும்தான்.
காற்றுக்கு இல்லை.

மூன்று தடவை போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தான்.
இரவு ரயில்வே சட்டையைக்கூடக் கழற்றாமல்
வேலி ஏறினேன். எனக்கு வயது ஐம்பத்தாறு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
தண்டு கறுத்திருந்தது. காய்கள் மட்டும்
ஒன்றும் தெரியாத முகத்தோடு தொங்கின.
உரக்குழியில் போடவில்லை, அங்கிருந்து மறுபடி கிளம்பும்.
கறுப்புப் பைகளில் திணித்து, கழுத்தை இறுக்கி,
தெருமுனைத் தொட்டிவரை நான்கு நடை.
நாய்கூடக் குலைக்கவில்லை.
திருட்டுக்கு இருக்கும் மரியாதைகூட இதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான்.
"தக்காளி எப்படி?"
"மழை," என்றேன்.
"மழையை நான் கேட்கவில்லை, நெவேனா."
"பிடுங்கிவிட்டேன்."
பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் சத்தம்.
அது நிற்கும்வரை அவன் பேசவில்லை.
"எத்தனை?"
"பதினொன்றும்."
"நான் பன்னிரண்டு நட்டேன்."

போய்ப் பார்த்தேன், இந்த முறை கதவு வழியாக.
கொட்டகைக்குப் பின்னால், கூரை இறக்கத்தின் கீழே,
ஒரு சொட்டு மழை படாத சுவரோரம்,
உடைந்த கூடையில் வேர் விட்டு நிற்கிறது.
யாரும் தெளிக்கவில்லை. யாரும் கிள்ளவில்லை.
இலையில் ஒரு புள்ளி இல்லை.
ஐந்து காய், கோழிக்குஞ்சின் மஞ்சளில்.
தொடக் கை நீட்டியவள்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து என் வரிசையைப் பார்த்தால்
நான்காவது செடியில், இடுப்பு உயரத்தில்,
நகக்கண் அளவு காப்பிக்கறை.
காற்று கொண்டுவந்ததா?
அந்த இரவுச் சட்டை
இன்னும் துவைக்காமல் கொக்கியில் தொங்குகிறது.
மறுநாள் விடியலில் அதைப் போட்டுக்கொண்டுதான்
நான் செடிகளுக்கு நடுவே நடந்தேன்.

சட்டையைக் கொதிநீரில் போட்டேன்.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
ராக்கியா தீர்ந்திருந்தது.