கூடாரத்தில் மூன்று பேர்

நைட் டியூட்டி முடிந்து
கல்லடிப் பாலத்தால் ஸ்கூட்டியில் வந்து
யூனிபோமைக் கூடக் கழற்றாமல்
லப்டொப்பைத் திறக்கிறேன்.
ஏழு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.
நாலு பேரைத்தான் கூட்டிப்போகலாம்.

அது சட்டம்.
யார் போட்டது, ஏன் நாலு,
விளையாட்டு சொல்வதில்லை.
உலகைத் தின்ன வருகிற பூதத்தை எதிர்க்க
சாரதியோடு சேர்த்து ஒரு ஓட்டோவில்
அடங்குகிற ஆட்கள் போதுமாம்.
அதே ஓட்டோவில் நாங்கள்
ஆறு பேர் ஏறிக் களுவாஞ்சிக்குடி போயிருக்கிறோம்,
ஒரு வாழைக்குலையோடு.

பெயர்ப்பெட்டி தமிழைச் சதுரம் சதுரமாய்த் துப்பியதால்
ஆங்கில எழுத்தில் மீன்களின் பெயர் வைத்தேன்.
வாள்காரன் கொடுவா.
வில் பிடிப்பவள் திரளி.
நெருப்பு எறிகிற கிழவன் செப்பலி.
கேடயம் தூக்கும் தடியன் விரால்.
இவர்கள் என்னோடு வருகிறவர்கள்.
கூடாரத்தில் நிற்பவர்கள்
பூட்டுத் திறக்கிற ஓரா,
கரடியோடு கதைக்கிற கிழக்கன்,
மருத்துவச்சி மணலை.

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிற நீ
மருத்துவச்சிய ஏன்கா விட்டுட்டுப் போறாய்?"
தம்பி வதுஷன் கேட்டான்.
விடிய விடிய சேலைன் ஏற்றி,
காய்ச்சல் எழுதி, படுக்கை மாற்றி வந்தவள்
வீட்டிலும் ஒருத்தி காயம் கட்டுவதைப்
பார்க்க வேண்டுமா?
எனக்கு எரிக்கிறவன் வேண்டும்.

மணலை கோபிப்பதில்லை.
கிட்டப் போய் அழுத்தினால் ஒரே வசனம்:
"தேவைப்பட்டால் சொல்லுங்கள், இங்கேதான் இருப்பேன்."
நாற்பது மணித்தியாலம் விளையாடிவிட்டேன்.
அதே விறகு எரிகிறது.
அதே இடத்தில் அவள் நிற்கிறாள்.
நிற்பவர்களுக்கு அனுபவப் புள்ளி ஏறாது.

வதுஷன் எங்கிருந்தோ ஒரு பைலை இறக்கிப் போட்டான்.
இனி ஏழு பேரும் வரலாம்.
வந்தார்கள்.
குகை வாசலில் கொடுவாவின் முதுகில் கரடி முட்டி,
கரடிக்குப் பின்னால் மூன்று பேர்
நடந்தபடியே நின்ற இடத்தில் நிற்க,
லப்டொப்பின் விசிறி அலற,
நான் ஒரு கட்டளை யோசிக்குமுன் சண்டை முடிந்து போயிற்று.
யாரோ விழுந்தார்கள்.
யாரென்று பார்க்க நேரமில்லை.
அன்றிரவே பைலை அழித்தேன்.
நாலு பேர் என்றால்
நாலு பேரின் உயிர்க்கோடும் எனக்குப் பாடம்.
எங்கள் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில்,
இரவில் இரண்டு நேர்ஸ்.
அது வேறு கதை.

போன வெள்ளி எனக்கு லீவு.
கடைசிக் கோட்டை.
பூதம் தன் மூன்றாவது உருவத்தை எடுத்தபோது
விரால் விழுந்தான். திரளி. செப்பலி.
கொடுவா கொஞ்ச நேரம் தனியே சுழன்றான்,
பிறகு வாள் மட்டும் கிடந்தது.
திரை கறுத்தது.
சரி, பழைய சேமிப்பிலிருந்து தொடங்குவோம் என்று
பிளேன்டீயை எடுத்தேன்.

கறுப்புக்குள் விறகு வெடிக்கிற சத்தம்.

மூன்று பேரும் எழும்புகிறார்கள்.
இப்படி ஒரு வழி இருக்கென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
கோட்டைப் படிகளில் ஏறி வருகிறார்கள்.
ஓராவின் கையில் முதல் ஊரில் வாங்கின கத்தி.
மணலை, இரண்டாம் நிலை,
நான் முதல்நாள் போட்டுவிட்ட பருத்திச் சட்டை.
மற்றவர்களுக்குக் கவசம் தேடி
மலை மலையாய் அலைந்திருக்கிறேன்.
இவள் வெறுங்காலோடு வருகிறாள்.

பூதத்தின் ஒரு அடி தாங்கமாட்டாள்.
அவளுடைய முறை.
கட்டளைப் பெட்டியில் மூன்றே தெரிவு:
காயம் கட்டு.
காத்திரு.
ஓடு.

நான் எதையும் அழுத்தவில்லை.
முறை வைத்து ஆடுகிற விளையாட்டு, அவசரப்படுத்தாது.
பூதம் மூச்சு வாங்கியபடி நிற்கிறது,
அவள் சட்டையின் ஓரம் காற்றில் ஆடுகிறது.

போன் அடித்தது. வார்டிலிருந்து சிஸ்டர்.
"லீவுதான் தெரியும், ஆள் குறையுது, வர ஏலுமா?"
"மூடிப்போடாதே" என்று வதுஷனிடம் லப்டொப்பைக் காட்டிவிட்டு
செருப்பைத் தேடினேன்.
ஒன்று வாசலில் கிடந்தது.
மற்றதைக் காணவில்லை.