ஏழாம் பாத்தி

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
பன்னிரண்டு சென்சார்களை
கொசப்பூர் கீரைத் தோட்டத்தில்
பாத்திக்கொன்றாக, அரைச்சாண் ஆழத்தில் செருகினேன்.
பேட்டரியும் ஆன்டெனாவும் ஊறுகாய் டப்பாக்களுக்குள்.
மழை புகாதிருக்க
மூடியைச் சுற்றி பிளம்பர் டேப், மூன்று சுற்று.
"நட்டாச்சு. முளைக்குமா?" என்றார்
குத்தகைக்காரர் முனிரத்தினம்.
சிரிக்கவில்லை.

கிணற்றோரம் ஒரு தண்டவாளம்,
அதில் நகர்ந்து நகர்ந்து
வால்வுகளைத் திருகும் இரும்புக் கை.
விரல் கிடையாது, மணிக்கட்டு மட்டும்.
மண் உலர்ந்தால் இடம், நனைந்தால் வலம்.
வேறு திசை அதற்குத் தெரியாது.

முதல் வாரம்
பெரம்பூரில் மூன்றாம் மாடியில் நான் புரண்டு படுக்க
விடிகாலையில் போன் மினுக்கும்:
மூன்று, தாகம்.
மூன்று, போதும்.
எங்கள் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வருமுன்
கீரை குடித்து முடித்திருக்கும்.

இரண்டாம் வாரம்
ஏழு பொய் சொல்லத் தொடங்கியது.
தினமும் பதினொன்று நாற்பதுக்கு
நனைந்தேன் நனைந்தேன் என்று
வரைபடத்தில் ஒரு மேடு.
கை அந்த வால்வின் பக்கமே போகவில்லை.
ஏழாம் பாத்தி அரைக்கீரை
காது மடங்கிக் கிடப்பதைப் படமெடுத்து அனுப்பினார் முனிரத்தினம்,
ஒரு சொல் சேர்க்காமல்.
அதுதான் சுட்டது.

சென்சாரை மாற்றினேன். அதே மேடு.
சாலிடர் விட்டிருக்குமோ என்று ஊதிப் பார்த்தேன்.
நிரலை வரி வரியாகப் படித்தேன்.
மணலிப் புகையைக் கூட ஒரு ராத்திரி சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
லீவு போட்டுவிட்டு
வரப்பில் போய் உட்கார்ந்தேன்.
கத்திரி வெயில்.

பதினொன்று முப்பத்தெட்டு.
இருட்டோடு கீரை பிடுங்க வந்த தயாளம்மா
கடைசிக் கட்டைக் கோணியில் அடுக்கிவிட்டு
ஏழாம் பாத்தித் தலைமாட்டில், முருங்கை நிழலில்
தூக்குவாளியைத் திறந்தார்.
கூழ். கடித்துக்கொள்ள மோர்மிளகாய்.
குடித்துமுடித்து, வாளியில் தண்ணீர் மொண்டுவந்து,
நிழலைத் தாண்டி ஒரு முழம் தள்ளி
வெயிலில் நின்ற என் டப்பாவின் தலையில்
நிதானமாக ஊற்றினார்.

"தொட்டுப் பார்த்தேன், கொதிக்குது.
எங்க வூட்டு மோட்டாரும் இப்படிச் சூடாகித்தான்
புகைஞ்சி போச்சு.
எனக்கு நிழல் கீது. இதுக்கு?"

ஊற்றாதீர்கள் என்று சொல்லத்தான்
அவ்வளவு தூரம் போனேன்.

அன்றிரவு நிரலில் நாலு வரி சேர்த்தேன்.
பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டரை வரை
ஏழு சொல்வதை நம்பாதே,
ஆறையும் எட்டையும் கேட்டு முடிவெடு.
பக்கத்தில் குறிப்பு:
இது பிழையல்ல. தயாளம்மா.

அதற்குப் பிறகு கீரை நிமிர்ந்தது.
தினமும் அந்த மேடு வரும்.
கை அதைப் பார்த்தும் பாராததுபோல் கடந்து போகும்.
டீ குடிக்கிற நேரத்தில் நானும் எட்டிப் பார்ப்பேன்,
பார்க்க வேண்டிய அவசியம் ஏதுமில்லாமல்.

நேற்று, பதினொன்று நாற்பது.
கோடு சமமாக ஓடியது.
பதினொன்று ஐம்பது.
பன்னிரண்டு.
ஏழு உலர்ந்தது, ஆறும் எட்டும் ஆமாம் என்றன,
இரும்புக் கை நகர்ந்துபோய்
இடப்பக்கம் திருகியது.
தண்ணீர் பாய்ந்ததாகச் செய்தி வந்தது.
கோளாறு எதுவும் இல்லை.

முனிரத்தினத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.