இரட்டை வெட்டு

ஃப்ளாக்கில், புகைபோக்கி மட்டும் மிஞ்சிய ஆலைக்குப் பின்னால்
பத்தடிக்குப் பத்தடி ஓர் அறையைப்
பல் துலக்கும் பிரஷ்ஷால் துலக்கிக்கொண்டிருக்கிறோம்.
நிலைக்கல்லில் தாழ்ப்பாள் துளை
வெளிப்பக்கம்தான் இருக்கிறது.

சனிக்கிழமை பொதுமக்கள் வரலாம்.
சல்லடை பிடிக்கலாம். தொப்பி தருவோம்.
பலகை என் பொறுப்பு:
மூன்று மொழி, மொழிக்குத் தொண்ணூறு சொல்.

'கொட்டடி' என்ற சொல் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை.
'கிடங்கு' என்று போடலாமே,
குழந்தைகள் வருவார்கள் என்றார் செயலாளர்.
கிடங்கில் சர்க்கரை இருக்கும், ஐயா,
சர்க்கரைக்கு எதற்குச் சுவரில் இரும்பு வளையம்?
கேட்கவில்லை.
கேட்டதாக இப்போது எழுதுகிறேன்.

இரவுக் காவல் ஜில்பேர் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்ப்பார்.
"இது உங்க ஆளுங்க தரை. எங்க ஆளுங்க எங்கே?"
முப்பது சென்டிமீட்டர் கீழே.
வளையம் அதேதான்.
உங்களுக்கு மார்பளவு இருந்தது,
பவளமண் கொட்டித் தரையை உயர்த்தியதில்
எங்களுக்கு இடுப்பளவு ஆயிற்று.
அடுத்த தவணைப் பணம் வந்தால் தோண்டுவோம் என்றேன்.
டார்ச்சை அணைத்தார்.

கிடைத்தது கொஞ்சம்தான்.
சுங்கான் தண்டு, பித்தளைப் பொத்தான், கோழி எலும்பு.
பெயர் பேரேட்டில் இருந்தது:
*சர்தார் அருணாசலன் புகார். சடைச்சி, வயது 22.
மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.
ஆறு நாள் சம்பளம் வெட்டு. இரண்டு இரவு அறையில்.*

வியாழக்கிழமை மதாம் அர்னாசலோன் வந்தார்,
கையில் சூடாக ஒரு பொட்டலம் கத்தோ பிமான்.
கோயில் குத்துவிளக்கில் அவர் முன்னோரின் பெயர் இருக்கிறது.
அடுத்த மாதம் பேரனுக்குக் கல்யாணம்.
"ஒரு பேர்தானே, மகளே. எடுத்துவிடு."

எடுத்தேன்.
எடுத்த பிறகு வாக்கியம் நிற்கவில்லை.
யார் புகார் சொன்னது, யாரைப் பற்றி?
சடைச்சியைக் கப்பல் பட்டியலில் தேடினேன்,
கல்யாணப் பதிவில், சாவுப் பதிவில்.
எங்கும் இல்லை.
அந்த ஆள் கோபத்தில் சொன்ன ஒரே வரியில்தான்
அவள் இந்தத் தீவில் இருந்திருக்கிறாள்.
அவரை வெட்டினால் அவளும் போவாள்.
ஒன்றுக்கு இரண்டு.
அவருடைய கணக்கேதான்.

இரண்டு பெயரையும் திரும்பப் போட்டேன்.
தொண்ணூற்று மூன்று சொல் வந்தது.
மூன்றைக் குறைக்கச் சொன்னது அச்சகம்.
கடைசி வரி, 'வருகைக்கு மிக்க நன்றி',
அதை வெட்டினேன்.

சனிக்கிழமை மதாம் அர்னாசலோனும் வந்திருந்தார்.
பலகையைப் படித்தாரா, தெரியாது.
தொப்பி வேண்டாமென்று சல்லடையை மட்டும் வாங்கிக்கொண்டு
மதியம்வரை சலித்தார்.
ஓர் ஆணி கிடைத்தது. என்னிடம் தராமல்
தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஜில்பேர் படித்தார். விரலால் எண்ணிப் படித்தார்.
அவருடைய ஆட்களுக்கு அதில்
'முன்பு அடிமைகள்' என்றிருக்கிறது.
தொண்ணூறில் இரண்டு.