சுற்றாத கம்பி

எங்கள் கல்லூரியில் பளு தூக்கும் இடம்
சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரத்துக்குக் கீழே.
வேலூர் மே மாதத்தில் மூன்று மணிக்குக் கம்பியைத் தொட்டால்
தோசைக்கல்.
காய்ச்சல்காரனுக்குப் போல
ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்போம்.

இருபது கிலோக் கம்பி என்று பெயர்.
எடைபோட்டுப் பார்த்தவர் யாருமில்லை.
முனைகள் துருவேறி இறுகிவிட்டன.
தூக்கும்போது கம்பி சுற்றாது,
மணிக்கட்டுதான் சுற்றும்.

நிலோஃபர் போனது ஓசூர் தாண்டி, ஓர் அகாடமிக்கு.
பேரணாம்பட்டிலிருந்து அவள் அத்தா வந்து
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்,
கடைசிப் பக்கத்தைப் படிக்காமல்.
அதே வாரம் எனக்கு பி.காம்.,
விளையாட்டு ஒதுக்கீடு, பாதிக் கட்டணம்.

அங்கே காலை ஐந்துக்கே எடை பார்ப்பார்களாம்.
எத்தனை முட்டை என்று ஒரு பெண் எழுதிக்கொள்வாளாம்.
எவ்வளவு தூங்கினாய் என்பதைக்
கைக்கடிகாரமே போட்டுக்கொடுத்துவிடுமாம்.

இங்கே எனக்கு வருகைப் பதிவு அறுபத்தெட்டு சதவீதம்,
காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர்.
சேலத்தில் போட்டி என்றால்
காட்பாடியில் ரிசர்வ் இல்லாத பெட்டியில் ஏறி,
கழிவறை வாசலில் உட்கார்ந்து,
நாற்பத்தொன்பது கிலோவைக் காப்பாற்றிக்கொண்டு போவேன்.
ஆம்பூரில் ஏறியவர் பிரியாணிப் பொட்டலம் பிரிக்க
மூக்கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே வைத்தேன்.
படிக்காசு இருநூற்றைம்பது,
தீபாவளி போய்ப் பொங்கலுக்கு வந்தது.

பெருநாளைக்கு வந்தாள். இரண்டே நாள் விடுப்பு.
தோள் அகன்றிருந்தது.
சேமியாக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.
ஸ்நாட்சில் என்னைவிட இப்போது பதினெட்டுக் கிலோ அதிகம்.
பத்தாவதில் எங்களுக்குள் ஒரு கிலோதான் இருந்தது,
அதுவும் என் பக்கம்.

இருட்டும் நேரம் தகரத்துக்குக் கீழே கூட்டிப்போனேன்.
நாற்பது ஏற்றினோம். அவளுக்கு அது துடைப்பம்.
தூக்கினாள். கம்பி சுற்றவில்லை.
மணிக்கட்டு மடங்கி,
உள்ளங்கைத் தோல் ஒரு ரூபாய் அளவுக்கு உரிந்தது.
“எங்க கம்பி தண்ணி மாதிரி திரும்பும்டி” என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கொஞ்சம் சந்தோஷமும் வந்தது,
அதை அவள் பார்த்துவிட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
“பேங்க்ல கணக்கு தொடங்க ஒரு தாள் கொடுத்தாங்க.
படிப்புன்னு ஒரு கட்டம். தொழில்னு ஒரு கட்டம்.
நீ என்ன எழுதுவ?”
மாணவி, என்றேன்.
“நான் ரெண்டையும் விட்டுட்டேன்.”
பிறகு, சோப்பைப் பார்த்தபடி,
“போன வாரம் முழங்காலை ஸ்கேன் எடுத்தாங்க.
ரிசல்ட்டு அவங்களுக்குத்தான் போவும். எனக்கு வராது.”

குழாயில் தண்ணீர் நின்றது.
எங்கள் ஊரில் அது ஒரு செய்தியில்லை.
நுரையோடு இரண்டு கைகளையும் நீட்டி நின்றாள்,
யாரோ எடை ஏற்றி முடிக்கக்
காத்திருப்பவள் போல.
நான் வாளி தேடப் போனேன்.