உயிரோடிருப்பதற்கான படிவம்

ஆவணி பிறந்தால் லண்டனிலிருந்து கடிதம் வரும்
நீக்கிலாப்பிள்ளை அலோசியசுக்கு:
நீங்கள் இன்னும் உயிரோடிருக்கிறீர்களா?
ஆமெனில் பொறுப்பான ஒருவர் நேரில் கண்டு
கையெழுத்திட வேண்டும்.
இல்லாவிட்டால் பென்சன் நிற்கும்.

குருநகரில் பொறுப்பான ஆள் நான்.
கிராம அலுவலர். சீல் என் லாச்சியில்.

எண்பத்துமூன்று வயது, வளையாத முதுகு.
மீன்காரருக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்.
முன்னுக்கு வாங்கோ என்றால் வரமாட்டார்.
"பின்னுக்கு நிண்டுதான் பிள்ளை நான் உழைச்சது."

கணக்கியல் படிக்கக் கப்பலேறியவர்.
ஐம்பத்திரண்டு வருசம்
துருக்கிச் சமையற்காரன், எகிப்தியக் கல்லறைத் திருடன்,
பஞ்சாபி டொக்டர் மூன்று தரம்,
கதவைத் திறந்துவிடும் ஆள்,
கதவுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஆள்.
யாழ்ப்பாணத்தான் ஒருக்காலும் இல்லை.
அப்படி ஒரு ஆளை எழுத
அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை பாலைவனக் கொள்ளைக்காரன்.
உன் பாஷையில் எதையாவது கத்து என்றாராம் இயக்குநர்.
வெள்ளைக்காரி ஒருத்தியின் தொண்டையில் கத்தியை வைத்து
கண் சிவக்கக் கத்தினாராம்:
"அம்மா! கூழுக்குப் புளி விட மறந்திட்டியள்!"
ஒரு நாடே தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துப் பயந்தது.
அந்த வருசம் எங்கள் தெருவில் ரீவி இல்லை.
கூழ் குடித்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

செத்தது நாற்பத்தொரு தரம்.
கணக்கு வைத்தவள் மனைவி மொய்றா,
ஸ்ரூடியோவில் உடுப்புப் பகுதி.
அவருடைய சட்டைகளின் பொய் இரத்தத்தை
இரவிரவாய்க் குளிர்தண்ணீரில் ஊறவைத்தவள்.
அவள் போன மாரியில்தான் பெட்டியைக் கட்டினார்.

இந்த முறை கரண்ட் நின்றுவிட்டது.
வரிசை புழுங்கியது.
"ஐயா, ஒருக்காச் செத்துக் காட்டுங்கோவன்"
ஐஸ்பெட்டிக்காரப் பொடியன் கேட்டான்.

வாங்கிலில் இருந்தார்.
ஒரு கை நெஞ்சில்.
மற்றது காற்றில் எதையோ பிடிக்கப் போய்ப் பாதியில் விழுந்தது.
கண் திறந்தபடி.
மூச்சை எங்கே ஒளித்தாரோ,
இலையான் ஒன்று மூக்கில் இருந்தது, நடந்தது, பறந்தது.
பொடியன் கை தட்டினான். எல்லாரும் தட்டினார்கள்.

சுவரோரம் திரேசம்மா.
மாதாமாதம் வருவாள், வேறொரு படிவத்துக்கு.
அதுவும் இதே லாச்சிதான்.
மகன் இருக்கிறான், இல்லை:
இரண்டு கட்டத்திலும் புள்ளடி போடாமல்
திருப்பித் தந்துவிட்டுப் போவாள்.

"நல்லாத்தான் செய்தியள்" என்றாள்.
"ஆனா ஆக்கள் அப்பிடிச் சாகிறேல்லை."

என் பேனை நின்றது.
அவர் எழுந்து அவள் பக்கம் திரும்பினார்.
கோபமில்லை. வேலையிடத்தில் நிற்பவரின் கவனம்.
"எப்பிடி? சொல்லுங்கோ."

"நெஞ்சில கை வைக்கிறேல்லை.
செருப்பைத் தேடுவினம்.
ஒண்டு காலில கிடக்கும். மற்றதைத் தேடுவினம்,
வீட்டை போக நேரமாச்செண்ட மாதிரி.
கடற்கரையில ஏழு பேரைக் கண்டனான்."

கரண்ட் வந்தது. காற்றாடி சுற்றத் தொடங்கியதில்
காகிதங்கள் பறந்தன, பொறுக்கினேன்.

தொழில் என்று ஒரு கட்டம்.
"குணச்சித்திர நடிகர் எண்டு போடுங்கோ."
கட்டம் சின்னது. நடிகர் என்று எழுதினேன்.
இன்று நேரில் கண்டேன், உயிரோடிருக்கிறார்.
கையெழுத்து. திகதி. சீலில் என் பெயரின் பாதி விழவில்லை,
இன்னொரு தரம் குத்தினேன்.

வாசலில் ஏழெட்டுச் சோடிச் செருப்பு.
அவர் குனிந்தார். ஒன்று காலில்.
மற்றதற்காக மண்ணைத் துழாவினார்,
பஸ்ஸை விடப்போகிறவர் போல அவசரமாக,
பிறகு அவசரமில்லாமல்.
அது அவர் காலடியில்தான் கிடந்தது.
மேசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

"ஓம்" என்றாள் திரேசம்மா. "இப்பிடித்தான்."

அவர் இன்னும் நிமிரவில்லை.
கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறேன்,
படிவம் கையில், மை காயாமல்.