கழிவு போக

கட்டபெட்டு வளைவுக்குக் கீழே
பச்சைத் தேயிலை வாங்கும் தகரக் கொட்டகையில்
பதினாறு வருஷமாய் எடை போடுகிறேன்.
சாக்குக்கு ஒரு கிலோ கழிவு.
மழை நாளென்றால் தண்ணிக்கு நூற்றுக்குப் பத்து.
பாவம் பார்த்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

போன செவ்வாய், கோயம்புத்தூரில்,
என்னை ஏற்றி நிறுத்தினார்கள்.
நூற்றுப் பதினெட்டு புள்ளி நான்கு.
வளையல், சேலை, ஸ்வெட்டர்,
விடியலில் குடித்த சுக்குக் காப்பி
எதற்கும் கழிவு இல்லையாம் அங்கே.

டாக்டர் சின்னப் பெண். பென்சிலால்
ஒரு பையை வரைந்து
நெட்டுக்குத்தாய்க் கோடு கிழித்தாள்.
இந்தப் பக்கம் வெளியே போயிடும்,
மிச்சம் ஒரு வாழைப்பழ அளவு இருக்கும்.
எந்த வாழை, என்றேன்.
யோசித்துவிட்டு, ரஸ்தாளி என்றாள். இருவரும் சிரித்தோம்.
வெளியே போவதை என்ன செய்வீங்க?
பரிசோதனைக்கு அனுப்புவோம்.
எடை போடுவீங்களா?
அதற்கு மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

வாயைக் கட்டினால் போதாதா என்கிறார்கள் லைனில்.
கட்டினேன். மூன்று தடவை.
கொள்ளும் வெந்நீருமாய் ஒரு மண்டலம்.
போனது பதினாலு கிலோ,
வந்தது பதினேழு. வட்டியோடு.

லாரி ஓட்டும் ஜெபராஜ் போனில் படம் காட்டினான்,
அவன் சகலையின் தங்கை, முன்னும் பின்னும்.
ஆளே வேற பாருங்க அக்கா.
பார்த்தேன்.
பழைய ஆளைத்தான் தேடினேன்,
அந்தக் கன்னத்துக்குள் எங்காவது இருக்கிறாளா என்று.

சர்க்கரை முன்னூறு. முட்டி இரண்டும் தேய்ந்தாச்சு.
தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம்.
எனக்கெப்படித் தெரியும்?
செல்வநாயகம்தான் இருட்டில் எண்ணிக்கொண்டு கிடக்கிறார்.
பதினொன்று, பன்னிரண்டு...
ஒரு ராத்திரி இருபத்தேழு வரை போயிற்றென்று
மூன்று மாதம் கழித்து
மண்ணெண்ணெய்க்கு வந்த சண்டையில் வாய்விட்டார்.

கவாத்து மாதிரிதானே, என்றார் திரும்பும் பஸ்ஸில்,
குஞ்சப்பனை தாண்டும்போது.
கவாத்து வெட்டின செடி மூணு மாசத்தில் துளிர்க்கும்,
இது துளிர்க்காது, என்றேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அடுத்த கொண்டை ஊசியில் எனக்கே தோன்றியது:
வெட்டும் முன் செடியை யாரும் கேட்பதில்லை.
என்னைக் கேட்கிறார்கள்.
கையெழுத்துப் போடச் சொல்லித் தந்த தாள்
இலைக்கணக்கு நோட்டுக்குள் ஒன்பது நாளாய் இருக்கிறது,
ஓரமெல்லாம் பச்சைக் கறையோடு.

இன்றைக்குக் கடைசிச் சாக்கு போஜன் அண்ணனுடையது.
நாற்பத்திரண்டு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
பாதி தண்ணிதானே அண்ணே, என்றேன்.
மழை பெய்தது என் தப்பாம்மா? என்றார்.
பத்து சதம் கழித்து எழுதினேன்.
எழுதிய பிறகும் அந்த வாக்கியம்
தராசிலிருந்து இறங்காமல் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன்.
தை மாசம் வச்சுக்கலாமா,
அப்போதான் பனி கருக்கி இலை வரத்து குறையும்.
பதினெட்டாம் தேதி எழுதிக்கட்டுமா மேடம்?
பென்சிலில் எழுதிக்கோம்மா.
இங்கே எல்லாம் கம்ப்யூட்டர் மேடம்.

ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.
ஒரு நிமிஷம் இரும்மா, என்றேன்.
ஒரே ஒரு நிமிஷம்.